வீட்டுக்குள் சூடு, வீட்டுக்கடியில் குளிர்

யாகூத்ஸ்க் நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தரையில் உட்காருவதில்லை. ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு, ஒன்று முதல் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, வரிசையான காங்கிரீட் தூண்கள்மேல் நிற்கின்றன. அந்த இடத்தை வீணாக்காமல் சுவர் எழுப்பிக் கடையாகவோ கார் நிறுத்துமிடமாகவோ ஆக்கலாமே என்று முதல்முறை பார்க்கிறவருக்குத் தோன்றும். அப்படி அடைத்தால் சில ஆண்டுகளில் கட்டடமே விரிசல் விட்டுவிடும். ஜனவரி மாதத்து மைனஸ் 40 டிகிரிக் காற்று அதன் வழியே தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளியே விடப்பட்டிருக்கிறது.

சைபீரியாவின் வடகிழக்கில், லேனா ஆற்றின் மேற்குக் கரையில், 62 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது இந்த ஊர். 1632-இல் ரஷ்யக் கோசாக் படைவீரர்கள் அமைத்த கோட்டையிலிருந்து வளர்ந்தது. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தலைநகரம். யாகூத்தியா என்றும் சாகா என்றும் அழைக்கப்படும் அந்தக் குடியரசின் பரப்பு சுமார் 31 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடச் சற்றுத்தான் குறைவு. அங்கு வாழும் மக்களோ சுமார் 10 லட்சம் பேர். யாகூத்ஸ்கின் ஜனவரிச் சராசரி மைனஸ் 38 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18-இல் ஓடுகிறது. அந்த மைனஸ் 18 ஜனவரியில் அங்கே வந்தால் ஊரே கதகதப்பான நாள் என்று வெளியே வந்துவிடும். ஜூலையிலோ 30 டிகிரியைத் தாண்டி வெயில் அடிக்கும். ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே தார்ச்சாலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 80 டிகிரி ஏற்ற இறக்கத்தைத் தாங்கியாக வேண்டும்.

இந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒய்மியாகோன் கிராமத்தில் 1933-இல் பதிவான மைனஸ் 67.7-ஐச் சொல்வார்கள், காற்றில் வீசிய வெந்நீர் புகையாகிப் போவதைக் காட்டுவார்கள், அதோடு முடித்துக்கொள்வார்கள். குளிரைத் தாங்குவது அங்கு வாழ்கிறவர்களின் வேலையில் பாதிதான். மறுபாதி, குளிரைப் பத்திரப்படுத்துவது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பத்திரப்படுத்த வேண்டிய குளிர் மண்ணுக்குள் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் ஊர்களில் நிலம் கோடையில் மேலாக மட்டும் இளகும். அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்தே கிடக்கும். அதை இங்கே உறைமண் என்றே சொல்லிக்கொள்வோம். கோடையில் இளகும் மேலடுக்கு யாகூத்ஸ்க் பகுதியில் சுமார் இரண்டு மீட்டர். அதற்குக் கீழே உறைமண் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. இந்த ஆழத்தைக் காட்டியது ஒரு வணிகரின் முயற்சி. ரஷ்ய அமெரிக்கக் கம்பெனியின் முகவராக அங்கிருந்த ஃபியோதர் ஷெர்கின், தண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 1828 முதல் 1837 வரை வெட்டி 116.4 மீட்டர் ஆழம் போயும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறை போல உறைந்த மண்தான். 1844-இல் அலெக்சாண்டர் மிட்டென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கிணற்றில் வெப்பமானிகளை இறக்கி அளந்தார். அடியிலும் சுமார் மைனஸ் 3 டிகிரி. உறைமண் ஆய்வு ஒரு துறையாக வளர்ந்ததற்கு அந்தத் தண்ணீரில்லாத கிணறு ஒரு தொடக்கப்புள்ளி. 1960-இல் அதே ஊரில் உறைமண் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் வந்தது. இப்போது அது மெல்னிகோவ் என்ற உறைமண் அறிஞரின் பெயரில் இயங்குகிறது.

உறைந்திருக்கும்வரை இந்த மண்ணைப் போல நல்ல அடித்தளம் கிடையாது. சிக்கல் என்னவென்றால் அதில் பனிக்கட்டி கலந்திருக்கிறது. சில இடங்களில் மண்ணின் கன அளவில் பாதிக்கும் மேல் பனிக்கட்டிதான். வீட்டுக்குள் 22 டிகிரி சூடு. அந்த வீட்டை நேரே தரையில் வைத்தால் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் மண் இளகும். பனிக்கட்டி தண்ணீராகி வடிந்தபின் அந்த இடம் அமுங்கும். சீராக அமுங்கினால்கூடச் சமாளிக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்குவதுதான் வீட்டைப் பிளக்கிறது. யாகூத்ஸ்கின் பழைய மரவீடுகளில் சன்னல் விளிம்பு தெருமட்டத்துக்கு வந்துவிட்டதைப் பார்க்கலாம். மரக்கட்டை அடுக்கிய சுவர் வளைந்து கொடுக்கும் என்பதால் கோணலானாலும் நின்றுவிடுகிறது. செங்கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் அந்த நெகிழ்வு இல்லை.

ஆகவே தூண். பைல் ஃபவுண்டேஷன் என்று நம் ஊரில் சொல்வதுதான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. பைலின் நுனி கீழே பாறையைத் தொட வேண்டும் என்பதில்லை. 30 அல்லது 40 சென்டிமீட்டர் சதுரத்தில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் வார்த்த தூணுக்கு, அதைவிடச் சற்று அகலமான துளையை உறைமண்ணில் போடுகிறார்கள். துளைக்குள் மணலும் களிமண்ணும் தண்ணீரும் கலந்த குழம்பை ஊற்றித் தூணை இறக்குகிறார்கள். சுற்றியுள்ள மண்ணின் குளிர் அந்தக் குழம்பை உறைய வைத்துத் தூணை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது பக்கவாட்டில் இருக்கும் இந்தப் பனிப்பிடிதான். சிமெண்டு செய்யும் வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. முழுதாக உறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு மேலே பாரம் ஏற்றினால் தூண் வழுகி இறங்கும்.

துளை ஏன் அத்தனை ஆழம்? கோடையில் இளகும் மேலடுக்கு குளிர்காலத்தில் திரும்ப உறையும்போது உப்பும். உப்பும்போது தூணைக் கவ்விக்கொண்டு மேலே தூக்கும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வெளியே பிடுங்கப்பட்ட மின்கம்பங்களும் வேலித்தூண்களும் உறைமண் நாடுகளில் எங்கும் தென்படும். மேலிருந்து இழுக்கும் விசையைவிடக் கீழே பிடித்திருக்கும் விசை அதிகமாக இருந்தாக வேண்டும். அந்தக் கணக்குக்காகத்தான் இரண்டு மீட்டர் இளகும் மண்ணுக்குப் பத்து மீட்டர் தூண்.

யாகூத்ஸ்கில் 1930-களில் கட்டிய மின்நிலையத்திலேயே தரைக்கும் கட்டடத்துக்கும் இடையே காற்று ஓடும் இந்த முறையைக் கையாண்டார்கள். பிற்பாடு வடசைபீரியாவின் நோரில்ஸ்க் நகரத்தில் மிகயீல் கிம் என்ற பொறியாளர் தூண் முறையை விரைவாகவும் மலிவாகவும் செய்யும் வழியை உருவாக்க, வடக்கு முழுவதும் அது பரவியது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மண் உருகினால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். உருக வேண்டியதே இல்லை. மைனஸ் 3-இல் இருந்த களிமண் மைனஸ் 0.5-க்கு வந்தாலே பனிப்பிடியின் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் கல் போலத்தான் இருக்கும். தூண் மட்டும் நகரத் தொடங்கியிருக்கும்.

அந்த அரை டிகிரி, ஒரு டிகிரியைத் தின்பவை பெரும்பாலும் சின்ன அலட்சியங்கள். முதலாவது கழிவுநீர்க் கசிவு. வீட்டுக்கடியில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போனால், வெதுவெதுப்பான தண்ணீர் நேரே தூணின் காலடியில் இறங்கும். அதிலுள்ள உப்பு இன்னொரு கேடு செய்யும்: உப்பேறிய மண்ணின் உறைநிலையே கீழே போய்விடுவதால், பிறகு எத்தனை குளிர் வந்தாலும் பழைய இறுக்கம் திரும்பாது. கசிவை அடைத்தபின்னும் பாதிப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. யாகூத்ஸ்கில் விரிசல் விட்ட வீடுகளைப் பற்றிய பேச்சில் பருவநிலை மாற்றம் முதலில் வருகிறது. கசியும் குழாய்க்கும் அதே அளவு பழி உண்டு என்பது என் கருத்து. ஒரு தெருவில் ஒரு கட்டடம் சாய்ந்து பக்கத்துக் கட்டடம் நேராக நிற்கிறது என்றால், இரண்டுக்கும் மேலே இருக்கும் வானம் ஒன்றுதானே.

இரண்டாவது, வெண்பனி. உதிரியாகக் குவிந்த பனி ஒரு கம்பளி; உள்ளே அடைபட்ட காற்றால் சூட்டை வெளியே விடாது. கட்டடத்தைச் சுற்றிக் குவியலாக ஒதுக்கிவிட்டால் அடிவெளியின் காற்றோட்டம் அடைபடும், குவியலுக்கடியில் மண்ணும் குளிராமல் போகும். பிறகு வசந்தத்தில் அதுவே உருகித் தண்ணீராகத் தேங்கும். அதனால் பனியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். தரையை வெறுமையாக விட்டால்தான் குளிர்காலத்துக் குளிர் உள்ளே இறங்கி அடுத்த கோடைக்கான கையிருப்பாக நிற்கும்.

குழாய்களைப் புதைக்க முடியாது என்பதால் நகரம் முழுக்க அவை தரைக்கு மேலேயே ஓடுகின்றன. வெந்நீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே உறைக்குள் ஒட்டி ஓடும். ஒன்றின் சூடு மற்றதைக் காக்கும். தெருவைக் கடக்கும் இடத்தில் வாசற்கால் போல எழும்பி, அந்தப் பக்கம் இறங்கும். வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்க இடம் கொடுப்பதற்காக நேர்ப்பாதையிலும் ஆங்காங்கே வளைத்துப் போட்டிருப்பார்கள். குழாயில் ஓட்டம் நிற்கக் கூடாது என்பதுதான் விதி. கொதிகலன் நின்று சரிசெய்யச் சில மணிநேரத்துக்கு மேலாகும் என்று தெரிந்தால், முதல் வேலை குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிடுவது. வடிக்காமல் விட்டால் உறைந்த நீர் விரிந்து குழாயையும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரையும் வெடிக்க வைக்கும். அதன்பிறகு அந்தக் குளிர்காலத்துக்கு அந்த வீடு இல்லை.

காற்றோட்டம் மட்டும் போதாத இடங்களில் ஓர் எளிய கருவி இருக்கிறது. இரு முனையும் மூடிய உலோகக் குழாய், பாதி மண்ணில், பாதி வெளியே. உள்ளே அமோனியாவோ கரியமில வாயுவோ அடைத்திருக்கும். குளிர்காலத்தில் வெளிமுனை மைனஸ் 40-இல் இருக்க, மண்ணுக்குள் மைனஸ் 2. கீழே இருக்கும் திரவம் அந்தச் சிறிய சூட்டிலேயே ஆவியாகி மேலே ஏறும், மேலே குளிர்ந்து திரவமாகிச் சுவரோரமாக வழிந்து கீழே வரும். ஒவ்வொரு சுற்றிலும் மண்ணின் சூட்டைக் கொண்டுபோய் வானத்தில் கொட்டிவிட்டு வருகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் வெளிமுனை சூடாகிவிட்டால் ஆவி மேலே போய்க் குளிர வழியில்லாததால் சுழற்சி தானே நின்றுவிடும். சூடு கீழே இறங்காது. அலாஸ்கா எண்ணெய்க் குழாயைத் தாங்கும் கால்களில் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருப்பவை இவைதான்.

இந்த அறிவு பொறியாளர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, இங்கே நெடுங்காலமாக வாழும் சாகா மக்களிடம் வேறு வடிவில் இருந்தது. அவர்கள் வீட்டு முற்றத்தில் உறைமண்ணைக் குடைந்து அமைக்கும் நிலவறைக்கு புலூஸ் என்று பெயர். சில மீட்டர் ஆழம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, நடுவில் காற்றறை. குளிர்காலத்தில் கதவைத் திறந்து வைத்துக் குளிரை உள்ளே இறங்க விடுவார்கள். வெயில் ஏறுமுன் மூடிவிடுவார்கள். உள்ளே குதிரை இறைச்சி, மீன், தட்டு வடிவில் உறைய வைத்த பால், காட்டுப் பழங்கள். கோடையின் 30 டிகிரியில்கூட இறைச்சி கெடாது. குளிர்காலத்தில் சேமித்த குளிர் கோடையில் செலவாகிறது. தூண்களுக்கிடையே காற்று விடும் பொறியாளரும் நிலவறைக் கதவைத் திறந்து வைக்கும் பாட்டியும் செய்வது ஒரே வேலை.

தண்ணீரும் அப்படித்தான். குழாய் வராத கிராமங்களில் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் ஏரியிலோ ஆற்றிலோ பனிக்கட்டி வெட்டுகிறார்கள். மெலிந்திருந்தால் ஆள் நிற்க முடியாது, தடித்துவிட்டால் தூக்க முடியாது. முப்பது சென்டிமீட்டர் வாக்கில்தான் பதம். 60-க்கு 40 அளவில் 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பாளமே 66 கிலோ இருக்கும். முதலில் மேலே கிடக்கும் வெண்பனியைத் துப்புரவாக ஒதுக்கிவிட்டுச் சங்கிலி ரம்பத்தால் கோடு போட்டு அறுப்பார்கள், கடப்பாரையால் நெம்பிப் பிரிப்பார்கள், ஒரு நாள் நிற்க வைத்து இறுகவிட்டு வண்டியில் ஏற்றுவார்கள். முற்றத்தில் அடுக்கிவைத்த பாளங்களிலிருந்து தேவைக்கு உடைத்து அடுப்போரத் தொட்டியில் போட்டால் குடிநீர். உறையும்போது உப்பும் அழுக்கும் பெரும்பாலும் வெளியே தள்ளப்படுவதால், கோடையில் மஞ்சளாகக் கிடக்கும் அதே ஏரியின் பனிக்கட்டி தெளிந்த நீர் தருகிறது. கோடைக்கு வேண்டியது நிலவறைக்குள் போகும். அங்கே அது குளிர்க் கையிருப்பாகவும் இருக்கும்.

பழைய வீடான பலகானுக்குக் குளிர்காலச் சன்னலே பனிக்கட்டிதான். உள்நோக்கிச் சாய்ந்த மரச்சுவர்மேல் களிமண்ணும் சாணமும் கலந்து பூசுவார்கள். சன்னல் துளையில் தெளிந்த பனிக்கட்டிப் பாளத்தை வைத்து ஓரங்களை ஈரப்பனியால் அடைப்பார்கள். உள்ளே அடுப்பு எரிந்தாலும் வெளிப்பக்கம் மைனஸ் 50 இருப்பதால் பாளம் உருகிப்போகாமல் நிற்கும்; மெலிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாட்டுத்தொழுவம் வீட்டோடு ஒட்டியே இருந்தது. மாட்டின் உடல்சூடும் வீட்டுக்கு வந்தது.

உடம்பைக் காப்பதற்கான விதிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எதையும் விட முடியாது. தோலை ஒட்டிப் பருத்தி உடுக்கக் கூடாது: வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். வியர்க்கும் வேகத்தில் நடக்கவும் கூடாது. கலைமானின் கால் தோலை மயிர் வெளியே இருக்குமாறு தைத்த காலணி, உள்ளே கம்பளித் தகடு. ரப்பர் அடிப்பாகம் இந்தக் குளிரில் விறைத்து வெடிக்கும். விரல் பிரித்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறையே மேல். உலோகக் கம்மலையும் உலோகச் சட்ட மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். முகத்தில் எங்காவது வெள்ளையாகத் திட்டு விழுந்தால் தனக்குத் தெரியாது, உணர்ச்சி போயிருக்கும். எதிரே வருபவர்தான் சொல்ல வேண்டும், சொல்வார்கள். வெறுங்கையை அதன்மேல் பொத்திச் சூடேற்றலாம். பனியால் தேய்ப்பது பழைய தவறு; உறைந்த தோலை அது கிழித்துவிடும். மைனஸ் 50-ஐ நெருங்கும்போது வெளியே விடும் மூச்சு உறைந்து காதருகே மெல்லச் சரசரக்கும். சாகா மக்கள் அதை நட்சத்திரங்களின் கிசுகிசு என்கிறார்கள்.

மைனஸ் 45-ஐத் தொட்டால் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை; பெரிய வகுப்புகளுக்கு 50-ஐத் தாண்ட வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் சூடேற்றிய கொட்டகை தேடுகிறார்கள், இல்லையென்றால் சில மணிநேரத்துக்கு ஒருமுறை தானே எஞ்சின் இயங்கும்படி வைக்கிறார்கள். சன்னல் கண்ணாடிமேல் சிறு காற்றிடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடியை ஒட்டாவிட்டால் உள்ளே மூச்சு உறைந்து வெளியே எதுவும் தெரியாது. சாதாரண டீசல் மெழுகாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆர்க்டிக் டீசல்தான் போட வேண்டும்.

லேனா ஆற்றுக்கு யாகூத்ஸ்கில் இதுவரை பாலம் இல்லை. கோடையில் பெரும்படகு, குளிர்காலத்தில் ஆறே சாலை. அந்தச் சாலை போடுவதும் முன்பு சொன்ன அதே உத்திதான்: பாதையின் மேலிருக்கும் வெண்பனியை வழித்துவிட்டால் குளிர் நேரே இறங்கிப் பனிக்கட்டி வேகமாகத் தடிக்கும்; போதாவிட்டால் துளையிட்டு ஆற்றுநீரை இறைத்து மேலே ஊற்றி உறையவிடுவார்கள். சாலையில் வேகமும் கூடாது, நிற்கவும் கூடாது. ஓடும் வண்டியின் பாரத்தில் பனிக்கட்டி சற்றே அமுங்கி, அடியில் தண்ணீரில் ஓர் அலை எழும். வண்டியின் வேகம் அலையின் வேகத்தோடு ஒத்துப்போனால் அலை பெருகிப் பனிக்கட்டியை உடைக்கும். பனிச்சாலையில் மட்டும் சீட் பெல்ட் போடக் கூடாது: உடைந்தால் வெளியே குதிக்க வேண்டும். ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் போகாது, வண்டியும் போகாது.

உறைமண் உருகுவது இந்த மக்களுக்குப் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் மாடும் குதிரையும் மேயும் அலாஸ் என்னும் வட்டப் புல்வெளிகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உறைமண் உருகி நிலம் அமிழ்ந்து, அதில் ஏரி உண்டாகி, அந்த ஏரி சுருங்கியதால் பிறந்தவை. அந்தப் பழைய உருகல் இல்லாவிட்டால் லார்ச் என்னும் ஊசியிலை மரக் காட்டுக்கு நடுவே வைக்கோலுக்கு வழியே இருந்திருக்காது. அன்று மெதுவாக நடந்தது இன்று ஒரு தலைமுறைக்குள் நடக்கிறது. யாகூத்ஸ்கின் ஆண்டுச் சராசரி கடந்த சில பத்தாண்டுகளில் 2 டிகிரிக்கும் மேல் ஏறியிருக்கிறது. காட்டை வெட்டினாலும் நிழலும் பாசியும் போய் மண் இளகும். வெர்கோயான்ஸ்க் பகுதியின் பதகாய் ஊருக்கருகே 1960-களில் மரம் வெட்டிய ஒரு சரிவில் தொடங்கிய பள்ளம், இன்று ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து கிடக்கிறது, இன்னும் விரிகிறது. சுராப்சா பகுதியில் உழுத வயல்கள் மேடும் பள்ளமுமாகக் குமிழ் விட்டு, டிராக்டர் ஏற முடியாமல் கைவிடப்பட்டிருக்கின்றன.

நிலவறைகளிலும் அது தெரிகிறது. முன்பு உலர்ந்திருந்த சுவரில் கோடையின் பிற்பகுதியில் ஈரம் துளிர்க்கிறது, சில இடங்களில் தரையில் தண்ணீர் நிற்கிறது. அதற்கு அவர்கள் செய்வது: இலையுதிர்காலத்தில் தண்ணீரை இறைத்து உலர்த்துவது, வாயிலுக்குமேல் கூரையைத் தடிப்பாக்கி வெயிலை மறைப்பது, இறைச்சி வைக்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டு பனிக்கட்டிப் பாளங்களைக் கூடுதலாக அடுக்குவது. நிலவறைமேல் விழும் வெண்பனியை டிசம்பர், ஜனவரி முழுக்க வழித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் தள்ளுவதை நிறுத்திவிட்டு அதே பனியைத் திரும்ப மேலே குவித்து மூடுவார்கள், ஏனெனில் அதுவரை குளிரை உள்ளே விடாத கம்பளி, இனிமேல் வெயிலை உள்ளே விடாத கம்பளி. மார்ச் முடிவதற்குள் கீழ்க்கதவையும் மேல்கதவையும் சாத்தி, இடுக்குகளை ஈரப்பனியால் அடைத்துவிட வேண்டும்.